குடற்சுவரில் காற்று: படத்தைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா?

சி.டி. ஸ்கேன் அறிக்கையில் அது ஒரே வரிதான்: ‘குடற்சுவருக்குள் காற்று காணப்படுகிறது.’ அந்த வரியைப் படித்த மருத்துவர் ஒரு நோயாளியை அன்றிரவே அறுவைக் கூடத்துக்கு அனுப்புகிறார். அதே வரியைப் படித்துவிட்டு இன்னொரு நோயாளியிடம் ஒரு மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். இரண்டு முடிவும் சரியாக இருக்கலாம். ஆளை மாற்றிச் செய்தால் இரண்டுமே பெரும் தவறாகிவிடும். ஒருவருக்குத் தேவையில்லாமல் வயிற்றைக் கிழித்திருப்பார்கள். மற்றவருக்குக் குடல் அழுகும்வரை காத்திருந்திருப்பார்கள்.

இதன் மருத்துவப் பெயர் நியூமடோசிஸ் இன்டெஸ்டினாலிஸ். நம் வீடுகளில் ‘வாயு’ என்றும் ‘காத்து’ என்றும் சொல்வதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மொச்சையோ கடலையோ அதிகமாகிப்போய் வயிறு உப்பி, ஓமத் தண்ணீர் குடித்துக் கோடாலித் தைலம் தடவி, ஓர் ஏப்பம் வந்ததும் தீருகிறதே, அந்தக் காற்று குடல் என்னும் குழாய்க்குள் ஓடுவது. நான் சொல்ல வருவது குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்துவிட்ட காற்றை. குடற்சுவர் பல அடுக்குகளால் ஆனது. உள்ளே சளிச்சவ்வு, நடுவில் தசை, வெளியே மெல்லிய உறை. அப்பளம் பொரியும்போது மாவின் இரு பரப்புகளுக்கு நடுவே கொப்புளம் எழுவதுபோல, இந்த அடுக்குகளின் இடையில் காற்றுக் குமிழ்கள் தங்கிவிடுகின்றன. சிலருக்கு அவை திராட்சைக் கொத்துப்போல உருண்டு திரண்டிருக்கும். வேறு சிலருக்குச் சுவரோடு ஒட்டிய கறுப்புக் கோடாக நீளும்.

முதலில் சொல்லிவிடவேண்டியது, இது ஒரு நோயின் பெயரே அல்ல. காய்ச்சல் எப்படி ஓர் அடையாளமோ, அப்படி இதுவும் ஓர் அடையாளம். காய்ச்சல் சளியாலும் வரும், மூளைக் காய்ச்சலாலும் வரும். அடையாளத்தைப் பார்த்து மட்டும் மருத்துவம் செய்ய முடியாது.

இதைக் கண்டு எழுதிவைத்தவர்களில் முதல்வர் டுவெர்னுவா. 1730இல் ஒரு பிணத்தை அறுத்துப் பார்த்தபோது குடற்சுவரில் குமிழ்களைக் கண்டார். அதன்பின் நெடுங்காலம் இது பிணவறையில் மட்டுமே தெரியவந்த விந்தையாக இருந்தது. உயிரோடிருக்கும் மனிதரிடம் எக்ஸ்ரே மூலம் கண்டறியலாம் என்று லெர்னரும் காசினும் 1946இல் காட்டினார்கள். 1952இல் லியோபோல்ட் காஸ் என்ற நோய்க்கூறியல் அறிஞர், அதுவரை பதிவான 213 பேரின் விவரங்களைத் தொகுத்தார். அவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு வேறெந்தக் காரணமும் இல்லை. மீதி 85 விழுக்காட்டினருக்குப் பின்னணியில் வேறொரு நோய் இருந்தது. அந்தக் கணக்கை இன்றும் பாடநூல்கள் எடுத்தாள்கின்றன. ஆனால் அது சி.டி. ஸ்கேன் பிறப்பதற்கு முந்தைய கணக்கு என்பதை மறக்கக் கூடாது. கருவி கூர்மையாக ஆக, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடமும் இது தட்டுப்படுகிறது.

கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையில் காற்று தெரிவதன் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1978இல் லீப்மன் குழுவினர் 64 பேரைத் தொகுத்துப் பார்த்தபோது 75 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். 2001இல் கினோஷிட்டா குழுவினர் 182 பேரைப் பார்த்தபோது இறப்பு 39 விழுக்காடு. இடையில் சிகிச்சை முன்னேறியது உண்மைதான். ஆனால் முன்பெல்லாம் மிக மோசமான நிலையில்தான் எக்ஸ்ரேயில் அந்தக் காற்று தெரிந்தது, சி.டி.யோ இலேசான நிலையிலும் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. அடையாளம் மாறவில்லை, அதைச் சுமக்கும் கூட்டம் மாறிவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அச்சத்தோடு இன்றைய படத்தைப் படிக்கும் பழக்கம்தான் பல தேவையற்ற அறுவைகளுக்குக் காரணம் என்பது என் கருத்து.

காற்று சுவருக்குள் எப்படிப் போகிறது? இதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு. முதலாவது, அழுத்தம். குடல் எங்காவது அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறும்போது, சளிச்சவ்வில் விழுந்த சிறு கிழிசல் வழியாகக் காற்று சுவருக்குள் நுழைகிறது. பழைய தொகுப்புகளில் இரைப்பையின் கீழ்வாய் குடற்புண்ணால் சுருங்கிப் போனவர்கள் நிறைய இருந்ததற்கு இதுவே காரணம். குடற்புண்ணுக்கு மூலமான ஹெலிகோபாக்டர் கிருமி மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் கூடுதல் என்று மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நல்ல வேளையாக அதற்கு இப்போது மருந்து இருக்கிறது. வாய் அடைபடும் அளவுக்கு முற்றவிடுவோர் குறைந்துவிட்டனர்.

இரண்டாவது விளக்கம் நுரையீரலைக் குற்றம் சாட்டுகிறது. நாட்பட்ட இருமல்காரர்களின் நுரையீரல் காற்றறைகள் வெடித்து, அந்தக் காற்று நெஞ்சின் நடுப்பகுதி வழியாக ரத்தக் குழாய்களை ஒட்டிக் கீழிறங்கிக் குடலை அடைகிறது என்று 1961இல் கீட்டிங் குழுவினர் எழுதினார்கள். புகைபிடித்து நுரையீரல் கெட்டவர்களிடம் இந்த அடையாளம் தெரிவது உண்மைதான். ஆனால் வழியில் எங்கும் காற்றின் தடம் தெரியாமல் குடலில் மட்டும் தெரிகிறதே என்பது இதற்கு எதிரான வலுவான கேள்வி.

மூன்றாவது விளக்கமான கிருமி, என் பார்வையில் மிகவும் சுவையானது. சிகிச்சைக்கும் அதுவே வழிகாட்டுகிறது. கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் உடலில் கிளாஸ்டிரிடியம் கிருமியைச் செலுத்தி, குடற்சுவரில் குமிழ் எழுவதை யேல் குழுவினர் 1974இல் காட்டினார்கள். மனிதர்களின் குமிழ்களில் ஊசி போட்டு எடுத்த காற்றைச் சோதித்தால் ஹைட்ரஜன் மிகுதியாக இருக்கிறது. சிலரிடம் பாதிக்குப் பாதி. நம் உடலின் எந்தத் திசுவும் ஹைட்ரஜனைத் தயாரிப்பதில்லை. குடற்கிருமிகள் மாவுச்சத்தை நொதிக்கவைக்கும்போது மட்டுமே அது உண்டாகிறது. தோசை மாவு புளித்துப் பொங்குவதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். பெருங்குடலுக்குள்ளும் ஒரு புளிப்பு ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் எல்லாருக்கும் ஏன் குமிழ் எழுவதில்லை? ஒரு கூட்டம் கிருமிகள் ஹைட்ரஜனை உண்டாக்க, இன்னொரு கூட்டம் அதைத் தின்றுவிடுகிறது. நான்கு பங்கு ஹைட்ரஜனையும் ஒரு பங்கு கரியமில வாயுவையும் சேர்த்து மீத்தேனாக்கும் கிருமிகள் அப்படிப்பட்டவை. 1993இல் கிறிஸ்டல், கம்மிங்ஸ் முதலானோர் இந்தக் குமிழ் நோயாளிகளிடம் ஹைட்ரஜன் தின்னும் கிருமிகள் சரிவர வேலை செய்யவில்லை என்று காட்டினார்கள். ஆக்குகிறவர் இருக்கிறார், உண்கிறவர் இல்லை. மிஞ்சுவது சுவருக்குள் கசிகிறது.

இன்னும் ஒரு படி மேலே போனவர்கள் ஆஸ்திரேலியாவின் ஃபுளோரினும் ஹில்ஸும். ஹில்ஸ், ஆழ்கடலில் மூழ்கி எழுபவர்களின் உடலில் குமிழ் எழும் இயற்பியலை ஆராய்ந்தவர். குடலிலிருந்து ஹைட்ரஜன் வேகமாகச் சுவருக்குள் பாய்கிறது. எதிர்த்திசையில் ரத்தத்திலிருந்து நைட்ரஜன் வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் திசு தாங்கக்கூடிய அளவைக் கூட்டுத்தொகை மீறிவிட, குமிழ் பிறக்கிறது என்று அவர்கள் 1995இல் விளக்கினார்கள். முத்துக்குளிப்பவரின் மூட்டில் எழும் குமிழுக்கும் பின்னால் சொல்லப்போகும் ஒரு நீரிழிவு மாத்திரையைச் சாப்பிடுபவரின் குடலில் எழும் குமிழுக்கும் ஒரே கணக்கு என்பதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது.

இந்த மூன்றுக்கும் அப்பால் நாலாவதாக ஒன்று உண்டு. அதுதான் உயிர்க்கொல்லி. குடலுக்குப் போகும் ரத்தம் நின்றுபோனால் சளிச்சவ்வுதான் முதலில் சாகிறது. வேலி சாய்ந்தால் ஆடு நுழைவதுபோலக் காற்றும் கிருமியும் உள்ளே நுழைகின்றன. முதல் மூன்றிலும் சுவர் உயிரோடு இருக்கிறது. காற்று அதற்குள் விருந்தாளி. இங்கே சுவரே செத்துக்கொண்டிருக்கிறது. படத்தில் தெரியும் காற்று என்னவோ இரண்டு இடத்திலும் ஒன்றுபோலத்தான்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்களுக்கு இதை எழுதக் காரணம் இருக்கிறது. இந்த அடையாளத்தை வரவழைக்கும் பொருள்களில் பல நம் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

நீரிழிவிலிருந்து தொடங்குகிறேன். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோயுறவு ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு, நாட்டின் பெரிய இனங்களில் இதுவே உச்சம். பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையின் ஒரு சாப்பாட்டுக் கடையில் பத்து பேர் வாழையிலைக்கு முன் அமர்ந்திருந்தால் அவர்களில் மூவர் நீரிழிவுக்காரர் என்று பொருள். அவர்களில் சிலருக்கு அகார்போஸ் என்ற மாத்திரை தரப்பட்டிருக்கும். அது சோற்றின் மாவுச்சத்தைச் சிறுகுடலில் உடையவிடாமல் தடுக்கிறது. சாப்பிட்டவுடன் சர்க்கரை ஏறாமலிருக்க அது நல்ல வழி. ஆனால் உடையாத மாவு எங்கே போகும்? பெருங்குடலுக்கு. அங்கே காத்திருக்கும் கிருமிகளுக்கு அது விருந்து. வயிறு உப்புவதும் காற்றுப் பிரிவதும் இந்த மாத்திரையின் தெரிந்த பின்விளைவுகள். மிகச் சிலருக்கு அந்த ஹைட்ரஜன் சுவருக்குள்ளும் போய்த் தங்குகிறது. இத்தகைய மாத்திரைகள் அதிகம் புழங்கும் ஜப்பானிலிருந்து இதைப் பற்றிப் பல பதிவுகள் வந்திருக்கின்றன. மாத்திரையை நிறுத்தியதும் குமிழ்கள் மறைந்தன என்பதே பெரும்பாலும் அவற்றின் முடிவு. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். சாப்பிடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது நேர்வதில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காததால் வரும் கேடு இதைவிடப் பெரிது. மலச்சிக்கலுக்கும் கல்லீரல் நோய்க்கும் தரப்படும் லாக்டுலோஸ் பானகமும் இதே வழியில் ஹைட்ரஜனைக் கூட்டும்.

அடுத்தது ஸ்டீராய்டு. இதுதான் எனக்குப் பெரும் கவலை தருகிறது. மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் ‘நாட்டு மருந்து’, ‘மூலிகைப் பொடி’ என்று கைமாறும் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதாக மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை திரும்பத் திரும்ப எச்சரித்துவருகிறது. இரண்டு நாளில் வலி பறந்துவிட்டது, என்ன அருமையான மருந்து என்று வாங்கி வாங்கிச் சாப்பிடும் முதியவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. ஸ்டீராய்டு குடற்சுவரின் காவல் அணுக்கள் திரண்டிருக்கும் பகுதிகளைச் சுருக்குகிறது. அங்கே சளிச்சவ்வு நலிந்து காற்றுக்கு வழிவிடுகிறது. அதைவிடக் கொடுமை, குடல் கிழிந்து வயிற்றுக்குள் சீழ் பரவினாலும் வயிறு இறுகாது, காய்ச்சல் வராது. அலாரத்தின் கம்பியையே அறுத்துவிடும் மருந்து அது. தான் ஸ்டீராய்டு சாப்பிடுவதே நோயாளிக்குத் தெரியாது. தெரியாததை மருத்துவரிடம் எப்படிச் சொல்வார்?

புற்றுநோய்க்கான கீமோதெரபி, உறுப்பு மாற்றியவர்கள் சாப்பிடும் எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்துகள், ஸ்கிளீரோடெர்மா போன்ற இணைப்புத்திசு நோய்கள், குடலைத் தாக்கும் சில தொற்றுகள் எல்லாம் இந்தப் பட்டியலில் அடங்கும். ஜப்பானின் நகானோ வட்டாரத்தில் உலோகப் பாகங்களைக் கழுவும் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானோடு வேலை செய்தவர்களிடமும் இது கண்டறியப்பட்டது. 1985இல் யாமகுச்சி குழுவினர் அதை எழுதினார்கள். எனவே என்ன வேலை செய்கிறீர்கள் என்ற கேள்வியும் வீண் கேள்வியல்ல.

இனி, கண்டறிதல். சாதாரண எக்ஸ்ரே பலரிடம் காட்டிக்கொடுக்கும், ஆனால் எல்லாரிடமும் அல்ல. சி.டி. ஸ்கேன்தான் நம்பகமானது. அதிலும் படத்தை நுரையீரலுக்கென்று வைத்திருக்கும் வெளிச்ச அளவில் மாற்றிப் பார்த்தால் சுவரிலுள்ள காற்று பளிச்சென்று பிரிந்து தெரியும். இல்லாவிட்டால் கொழுப்பின் கருமையோடு கலந்து மறைந்துபோகும். மலத்துக்கும் சுவருக்கும் இடையில் சிக்கிய காற்று சுவருக்குள்ளேயே இருப்பதுபோல ஏமாற்றுவதும் உண்டு. குடலின் மேற்பக்கம், கீழ்ப்பக்கம் இரண்டிலும் காற்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சுவருக்குள் மாட்டிய காற்று ஈர்ப்பு விசைக்குக் கட்டுப்பட்டு மேலே மிதந்துவிடாது. கீழ்ப்பக்கச் சுவரிலும் இருக்கும்.

கொப்புளம் கொப்புளமாக இருந்தால் நல்லது, கோடாக இருந்தால் ஆபத்து என்று ஒரு பழைய விதி சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. உயிரை அதன்மேல் பணயம் வைக்கும் அளவுக்கு இல்லை. காற்றை விட்டுவிட்டு அதன் அக்கம்பக்கத்தைப் பார்ப்பதே மேல். ரத்த நாளத்தில் செலுத்திய சாயம் அந்தக் குடற்பகுதியில் ஏறுகிறதா? குடலுக்குப் போகும் தமனியில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா? சுற்றியுள்ள கொழுப்பு கலங்கியிருக்கிறதா? போர்ட்டல் சிரையில் காற்று உண்டா? சுவர்க் காற்றோடு சிரைக் காற்றும் சேர்ந்து, ரத்த ஓட்டக் குறைவின் அறிகுறியும் இருந்தால், குடலின் முழுத் தடிமனும் செத்திருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று வீஸ்னர் குழுவினர் 2001இல் காட்டினார்கள். வயிற்றறையில் காற்று தெரிவதோ மறுபக்கம் ஏமாற்றும். குமிழ் ஒன்று வெளிப்பக்கமாக உடைந்தாலும் அங்கே காற்று வந்துவிடும். உள்ளே கிருமி இல்லாததால் சீழும் பிடிக்காது. குடல் ஓட்டையாகிவிட்டது என்று எண்ணி வயிற்றைத் திறந்து பார்த்தால் ஓட்டையே இருக்காது.

சில சமயம் இது கொலோனோஸ்கோப்பியில் தற்செயலாக அகப்படும். வெளிறிய, சற்றே நீலம் பாய்ந்த மேடுகள். பாலிப் என்றோ புற்றுக்கட்டி என்றோ தோன்றும். அனுபவமுள்ளவர் கருவியின் நுனியால் அமுக்கிப் பார்ப்பார், மெத்தென்று அமுங்கும். ஊசியால் குத்தினால் காற்று வெளியேறி மேடு சப்பிப்போகும். புற்றுநோய் என்று தப்பாக நினைத்துக் குடலின் ஒரு பகுதியையே வெட்டியெடுத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

ரத்தப் பரிசோதனையில் பெரிதாகப் பேசப்படுவது லாக்டேட். ரத்தம் கிடைக்காத திசு அதை உமிழும். லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் போனவர்களிடம் இறப்பு மிக அதிகம் என்று 1990 முதலே தொகுப்புகள் சொல்லிவருகின்றன. 2013இல் அமெரிக்காவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து 500 பேரை ஆராய்ந்தன. அவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு அது தீங்கற்றதாகவே இருந்தது. 40 விழுக்காட்டினருக்குத்தான் குடல் சேதமடைந்திருந்தது. உயர்ந்த லாக்டேட், வீழ்ந்த ரத்த அழுத்தம், இறுகிய வயிறு, செயலிழந்த சிறுநீரகம் ஆகியவை இந்த 40ஐ மற்ற 60இலிருந்து பிரித்துக் காட்டின.

ஆனால் நம் ஊரில் லாக்டேட்டை வாசிக்க இரட்டை எச்சரிக்கை வேண்டும். குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் லாக்டேட்டை வாங்கி அழித்துவிடும். எனவே குடல் சாகத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் கையில் எடுத்த ரத்தம் ஒழுங்காகவே இருக்கலாம். எண் நன்றாயிருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விட முடியாது. மறுபக்கம், மெட்ஃபார்மின் சாப்பிடும் நீரிழிவுக்காரருக்குச் சிறுநீரகமும் பழுதானால் குடல் நலமாக இருக்கும்போதே லாக்டேட் ஏறும். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணம். ஆகவே இந்தக் குழப்பம் ஏதோ அரிய விதிவிலக்கு அல்ல. அவசரப் பிரிவில் அடிக்கடி எதிரே வந்து நிற்கும் சிக்கல்.

டயாலிசிஸ் நோயாளிகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். டயாலிசிஸின்போது ரத்த அழுத்தம் சரிந்தால், தமனியில் எந்த அடைப்பும் இல்லாமலேயே குடலுக்கு ரத்தம் பற்றாமல் போகலாம். முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மாலை வயிறு வலிக்கிறது என்று அப்பா சொன்னால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடாதீர்கள். இதயம் ஒழுங்கற்றுத் துடிப்பவர்களுக்கு இதயத்திலிருந்து ஒரு ரத்தக்கட்டி கிளம்பிக் குடல் தமனியை அடைக்கும். அவர்களின் வலிக்கு ஓர் அடையாளம் உண்டு. நோயாளி துடிப்பார், ஆனால் கை வைத்துப் பார்த்தால் வயிறு மென்மையாக இருக்கும். சொல்லும் வலிக்கும் தொடும் வயிற்றுக்கும் பொருத்தமே இருக்காது. அனுபவமுள்ள மருத்துவர்கள் அந்தப் பொருத்தமின்மைக்குத்தான் அஞ்சுவார்கள்.

இங்கே மொழியும் ஒரு தடை. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரு தமிழ் மூதாட்டி ‘வயித்துல காத்துப்பா’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட வந்த பேரன் அதை மலாயில் ‘ஆங்கின்’ என்று மொழிபெயர்க்கிறான். மலாய்ப் பேச்சிலும் ‘ஆங்கின்’ என்றால் சாதாரண வயிற்று உப்புசம். மருத்துவரின் காதில் விழுவது உயிர் போகும் வலி அல்ல. ஒரு புட்டி மருந்தில் தீரும் தொல்லை. இதில் யார்மேலும் குற்றமில்லை. ஆனால் அழைத்துப் போகிறவர்கள் ‘காத்து’ என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, திடீரென்றா மெல்ல மெல்லவா, சாப்பிட்டால் கூடுகிறதா, மலத்தில் ரத்தம் உண்டா, வாந்தி உண்டா என்று சொன்னால் மருத்துவரின் கையில் ஒரு பிடி கிடைக்கும். மருந்துப் பையையும் அப்படியே தூக்கிப் போகவேண்டும். யாரோ கொடுத்த பொடி, லேகியம் உட்பட.

சிகிச்சையில் முதல் கேள்வி ஒன்றே. குடல் உயிரோடு இருக்கிறதா? இல்லை என்றால், அல்லது இல்லை என்று வலுவாக ஐயப்பட்டால், அறுவைதான். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் குடலின் நீளத்தைத் தின்கிறது. அடைப்பு, முறுக்கல், நிற்காத ரத்தப்போக்கு, சீழ் பரவல் ஆகியவற்றுக்கும் கத்தி வேண்டும்.

மற்றவர்களுக்கு? தொந்தரவே இல்லாதவருக்கு ஒன்றும் செய்யாமல் கவனித்திருப்பதே சிகிச்சை. கேட்க எளிதாக இருக்கிறது, செய்வது கடினம். கையில் கத்தி வைத்திருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை அதே வயிற்றை அதே கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். குடும்பத்தார் வேறு, ஸ்கேனில் இவ்வளவு தெரிந்தும் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்பார்கள். அந்தப் பொறுமையைச் சிகிச்சை என்று நாமும் ஒப்புக்கொள்ளப் பழகவேண்டும். காரணமான மருந்து எதுவோ அதை மருத்துவர் நிறுத்துவார் அல்லது மாற்றுவார். மிக எளிய வழியும் பல நேரங்களில் போதுமான வழியும் அதுதான்.

வயிற்றுப்போக்கு, வலி, சளியும் ரத்தமும் கலந்த மலம் என்று அவதிப்படுவோருக்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றும் அந்த ஹைட்ரஜன் கணக்கிலிருந்தே பிறந்தவை. கிருமிக்குத் தீனியைக் குறைப்பது ஒன்று. எளிதில் நொதிக்கும் உணவைச் சில வாரம் ஒதுக்குவது. பருப்பு, பயறு, வெங்காயம், பூண்டு, பால் என்று அந்தப் பட்டியலை வாசித்தால் நம் சமையலறையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் உணவியலாளரின் துணையோடு, குறுகிய காலத்துக்கு மட்டும் செய்யவேண்டியது அது. கிருமியையே அடக்குவது இன்னொன்று. மெட்ரோனிடசோல் மாத்திரை வாரக்கணக்கில், சிலருக்கு மூன்று மாதம்வரை தரப்படுகிறது. நீண்ட நாள் சாப்பிட்டால் கை கால் நரம்புகள் மரத்துப்போகலாம். நீரிழிவால் ஏற்கெனவே பாதம் மரத்தவருக்கு அந்த மரப்பு எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போகும். மூன்றாவது, ஆக்சிஜன். 1973இல் ஃபார்கக்ஸ் குழுவினர் நோயாளிகளைப் பல நாள் செறிவான ஆக்சிஜனைச் சுவாசிக்கவைத்துக் குமிழ்களை வற்றச் செய்தார்கள். அதன் சூட்சுமம் எளிது. மூச்சில் ஆக்சிஜன் மிகுந்து நைட்ரஜன் குறையும்போது, குமிழுக்குள் இருக்கும் வாயுக்கள் ரத்தத்துக்கு இழுக்கப்படுகின்றன. உள்ளே புகும் ஆக்சிஜனைத் திசு உண்டுவிடுகிறது. குமிழ் சுருங்குகிறது. அளவு மீறினால் ஆக்சிஜனே நுரையீரலைப் புண்ணாக்கும் என்பதால் அழுத்த அறைக்குள் குறுகிய நேரம் தரும் முறையும் வந்தது. மலேசியாவில் இவ்வகை மருத்துவத்தின் தாய்வீடு பேராக்கின் லூமுட்டில் உள்ள ராணுவ மருத்துவமனை. கடற்படை முக்குளிப்போருக்காகத் தோன்றிய பிரிவு. ஹில்ஸின் கணக்கு இங்கே இயல்பாகப் பொருந்துகிறது.

இவற்றில் எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் கிடையாது. இந்த நிலை அரிது, இருப்பவை தனி நிகழ்வுகளும் சிறு தொகுப்புகளும். நலமானவர்களைப் பற்றியே அதிகம் எழுதப்படுகிறது என்பதால் அந்த வெற்றிகளைச் சற்றுக் குறைத்தே மதிப்பிடவேண்டும். ஆக்சிஜனில் வற்றிய குமிழ் சில மாதங்களில் திரும்புவது வழக்கம். ஆலையை மூடாமல் புகையை மட்டும் விரட்டினால் அப்படித்தான். என்னைக் கேட்டால், மருந்துப் பட்டியலைத் திருத்துவதும் உணவும் முதலில், மெட்ரோனிடசோல் அடுத்து, ஆக்சிஜன் கடைசியில் என்றே வரிசைப்படுத்துவேன்.

பச்சிளங் குழந்தைகளுக்கு மட்டும் மேலே சொன்ன நிதானம் எதுவும் பொருந்தாது. குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் குழந்தையின் எக்ஸ்ரேயில் குடற்சுவர்க் காற்று தெரிந்தால், அது குடல் அழுகல் நோயின் உறுதியான அடையாளம். 1978இல் பெல் வகுத்து, 1986இல் வால்ஷும் கிளீக்மனும் திருத்திய படிநிலைகளில் அது இரண்டாம் நிலை. உடனே பாலை நிறுத்தி, மூக்கு வழிக் குழாயால் இரைப்பையை வெறுமையாக்கி, சிரை வழியாக உணவும் கிருமிக்கொல்லியும் தருவார்கள். குடல் துளைபட்டால் அறுவை. 2007இல் மலேசியாவின் 31 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சேர்ந்த, ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள ஏறத்தாழ 3,600 குழந்தைகளைப் பூ நெம் யுன் முதலானோர் ஆராய்ந்தனர். 100க்கு 6 பேர் என்ற அளவில் இந்த நோய் வந்திருந்தது. வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்வரை இறந்தார்கள். இதைத் தடுப்பதில் தாய்ப்பாலுக்கு இணை வேறில்லை. குழந்தை மருத்துவமனையில், அம்மா பத்தியத்தோடு வீட்டில் என்று பிரிந்திருக்கும் நாள்களில், அம்மாவைப் படுக்கையிலேயே வைத்திராமல் பாலைப் பிழிந்து எடுக்கவும் நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்கவும் குடும்பத்தார் உதவவேண்டும். சில மில்லிலிட்டர்தான் என்று அலட்சியம் வேண்டாம். அந்தக் குழந்தையின் வயிறு கொள்ளும் அளவே அதுதான்.

பெரியவர்களுக்கு வீடு திரும்பிய பிறகும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி மாதாமாதம் மருந்து வாங்குகிறவர், வலி தாளாத நள்ளிரவில் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறார். ஓரிடத்துப் பதிவு இன்னோரிடத்துக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. அடுத்த முறை வேறொரு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும் புதிய மருத்துவர், வற்றாமல் மிச்சமிருக்கும் அதே குமிழ்களைப் பார்த்துத் திடுக்கிட்டுக் கத்தியை எடுக்கக்கூடும். அதனால் வீடு திரும்பும்போது மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிய ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். குடற்சுவரில் எந்தப் பகுதியில் காற்று இருந்தது, எந்தத் தேதியில், லாக்டேட் எவ்வளவு, எந்த மருந்து நிறுத்தப்பட்டது, அறுவை ஏன் தேவைப்படவில்லை என்ற நான்கைந்து வரிகள் அதில் இருக்கட்டும். ஸ்கேன் படங்களின் வட்டும் கூடவே இருக்கட்டும். அடையாள அட்டையை வைத்திருக்கும் அதே பையில் அந்தத் தாளையும் மடித்து வையுங்கள்.